மஜ்ஜை வரை சென்றதா? உலோக நானோ துகள்களும் மரபணுப் பாதுகாப்புச் சோதனையும்

மிட்டாய், சூயிங்கம், கேக்கின் மேல்பூச்சு போன்றவற்றுக்குப் பளீரென்ற வெண்மையைத் தருவதற்காகப் பல பத்தாண்டுகளாக உணவில் சேர்க்கப்பட்டு வந்த டைட்டானியம் டைஆக்சைடு என்னும் நிறமியை, இனியும் பாதுகாப்பான உணவுச் சேர்க்கையாகக் கருத இயலாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாதத்தில் அறிவித்தது. ஈ171 என்ற குறியீட்டால் அறியப்படும் அந்த நிறமி மரபணுக்களைச் சிதைக்கிறது என்று ஆணையம் தீர்ப்பளிக்கவில்லை; சிதைக்கும் வாய்ப்பை ஒதுக்கித் தள்ள முடியவில்லை என்பதும், ஆகவே இவ்வளவு உண்டால் தீங்கில்லை என்று ஓர் அளவை வரையறுக்க இயலவில்லை என்பதும்தான் அது சொன்ன காரணங்கள். அந்த நிறமியின் துகள்களில் ஒரு பகுதி நானோ அளவில் இருப்பது இந்த ஐயத்தின் மையத்தில் இருந்தது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதனை உணவில் தடை செய்தது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து நடத்தும் உணவுச் சேர்க்கைகளுக்கான வல்லுநர் குழு, 2023-இல் ஏறத்தாழ இதே சான்றுகளைப் பரிசீலித்தபின், உண்ணும் அளவுக்கு வரம்பு விதிக்கத் தேவையில்லை என்று 1969-இலிருந்து தான் கொண்டிருந்த நிலைப்பாட்டை மீண்டும் உறுதி செய்தது. தேர்ந்த அறிவியலாளர்களைக் கொண்ட இரு குழுக்கள் எதிரெதிரான முடிவுகளுக்கு வந்தது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள, உலோக நானோ துகள்களின் மரபணுப் பாதுகாப்பு ஆய்வக விலங்குகளில் எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பதையும், அச்சோதனைகளின் பலமும் பலவீனமும் எங்கே இருக்கின்றன என்பதையும் அறிய வேண்டியிருக்கிறது.

ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஏதேனும் ஒரு பரிமாணத்திலாவது 1 முதல் 100 நானோமீட்டர் வரை அமைந்த பொருள்களை நானோ பொருள்கள் என்று வழங்குவது மரபு. மனிதச் சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7,000 நானோமீட்டர் என்பதையும், டி.என்.ஏ. என்னும் இரட்டைச் சுருளின் தடிமன் 2 நானோமீட்டர் என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இத்துகள்கள் உயிரின் எந்தத் தளத்தில் இயங்கக்கூடியவை என்பது புலப்படும். துகள் சிறுக்கச் சிறுக்க அதன் எடைக்கு ஒப்பிடுகையில் மேற்பரப்பு பெருகிக்கொண்டே போகிறது. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள உலோகக் கனசதுரம் ஒன்றின் மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர் மட்டுமே. அதையே பக்கத்துக்கு 10 நானோமீட்டர் உள்ள கனசதுரங்களாக வெட்ட முடிந்தால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது இரண்டரை கிரவுண்டு மனைக்கு மேல், ஆகிவிடுகிறது. வேதிவினைகள் மேற்பரப்பிலேயே நிகழ்வதால், கட்டியாக இருக்கையில் மந்தமாகக் கிடக்கும் ஒரு பொருள் துகளாகும்போது துடிப்புள்ளதாகிவிடுகிறது. மருந்திலும் மின்னணுவியலிலும் வேளாண்மையிலும் நானோ துகள்கள் விரும்பப்படுவது இப்பண்பினால்தான். அவை ஐயத்துக்கு உள்ளாவதும் இதே பண்பினால்தான்.

மரபணு நச்சுத்தன்மை என்பது, ஒரு பொருள் உயிரணுவின் டி.என்.ஏ.யையோ, அந்த டி.என்.ஏ. சுருண்டு அமைந்த குரோமோசோம்களையோ சேதப்படுத்தும் தன்மையாகும். சாதாரண நச்சு உயிரணுவைக் கொன்றுவிடுவதோடு முடிகிறது. மரபணு நச்சு உயிரணுவை உயிரோடு விட்டு அதன் குறிப்பேட்டை மட்டும் பிழைபடுத்தக்கூடும் என்பதால், அப்பிழை பிரிவுதோறும் படியெடுக்கப்பட்டு, ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகவோ, இனப்பெருக்க உயிரணுக்களில் நேர்ந்திருந்தால் அடுத்த தலைமுறையின் குறைபாடாகவோ வெளிப்படலாம். உலோகத் துகள்கள் இச்சேதத்தை மூன்று வழிகளில் விளைவிக்கக்கூடும். துகளோ, அதிலிருந்து கரைந்து வரும் உலோக அயனியோ உட்கருவுக்குள் புகுந்து டி.என்.ஏ.யையோ, குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் இழைகளையோ நேரடியாகத் தாக்குவது முதல் வழி. துகளின் மேற்பரப்பில் வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் தோன்றி அவை டி.என்.ஏ.யை ஆக்சிஜனேற்றுவது இரண்டாம் வழி, டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளுள் ஒன்றாகிய குவானின் இவ்வாறு மாறிவிட்டால், படியெடுக்கும்போது சைட்டோசினுடன் சேர வேண்டிய அது அடினினுடன் சேர்ந்து நிலையான பிழையாகிவிடுகிறது. துகள்களை விழுங்கிச் செரிக்க முடியாமல் திணறும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் நீடித்த அழற்சியைத் தூண்ட, அந்த அழற்சியில் வெளிப்படும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அண்டையிலுள்ள உயிரணுக்களைத் தாக்குவது மூன்றாம் வழி. இம்மூன்றாம் வழி தட்டில் வளர்க்கப்படும் உயிரணுக்களில் தென்படாது. நோயெதிர்ப்பு மண்டலமும் குருதியோட்டமும் உள்ள முழு உடலில் மட்டுமே அது நிகழும் என்பது, இத்துறையில் விலங்குச் சோதனை இன்னும் கைவிடப்படாமைக்கு முதன்மையான காரணம்.

விலங்கின்றி முடிக்கக்கூடிய சோதனைகளுள் மிகப் புகழ்பெற்றது, அமெரிக்க உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ் 1970-களில் உருவாக்கிய பாக்டீரியச் சோதனை. மலிவானதும் விரைவானதுமான அச்சோதனை கரையும் வேதிப்பொருள்களுக்கு அரிய கருவியாக விளங்கினாலும், பாக்டீரியாவைச் சூழ்ந்த கெட்டியான சுவரைத் தாண்டித் துகள்கள் உள்ளே செல்வது அரிது. விலங்கு உயிரணுக்களைப் போலத் துகளை விழுங்கிக்கொள்ளும் திறனும் பாக்டீரியாவுக்கு இல்லை. உள்ளே போகாத பொருள் சேதம் விளைவிக்கவில்லை என்று சான்று பெறுவதில் பொருளில்லை என்பதால், நானோ பொருள்களுக்கு ஏம்ஸ் சோதனை ஏற்றதன்று என்று ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டுதல் வெளிப்படையாகவே கூறுகிறது.

விலங்குச் சோதனைகளுள் நெடுநாளாக அடித்தளமாக இருந்துவருவது நுண் உட்கருச் சோதனை. 1970-களில் ஹெடில், ஷ்மிட் ஆகியோரின் ஆய்வுகளால் உருப்பெற்று, பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் 474-ஆம் எண் வழிகாட்டுதலாக 1983-இல் ஏற்கப்பட்ட இச்சோதனை, பாலூட்டிகளின் சிவப்பணு உருவாகும் விதத்தில் உள்ள ஒரு விந்தையைப் பயன்படுத்திக்கொள்கிறது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவின் முன்னோடி உயிரணு கடைசிப் பிரிவை முடித்தபின் தன் உட்கருவை முழுவதுமாக வெளியே தள்ளிவிடுகிறது. அதற்கு முந்தைய பிரிவின்போது ஏதேனும் ஒரு குரோமோசோம் உடைந்து துண்டாகியிருந்தாலோ, முழுக் குரோமோசோம் ஒன்று இழைகளில் சிக்காமல் பின்தங்கியிருந்தாலோ, அந்தத் துண்டு தனியொரு சிறு உட்கருவாகத் திரண்டு, பெரிய உட்கரு வெளியேறிய பிறகும் உள்ளேயே தங்கிவிடுகிறது. உட்கருவே இருக்கக் கூடாத உயிரணுவில் ஒரு சிறு புள்ளி தெரிந்தால் அது குரோமோசோம் சேதத்தின் தடயம் என்று கொள்ளலாம். இத்தனை எளிமையான குறியீட்டை இயற்கையே அமைத்துத் தந்திருப்பது இச்சோதனையின் அழகு.

நடைமுறையில், வெள்ளெலிகளுக்கோ எலிகளுக்கோ துகள்களை வாய்வழிக் குழாய் மூலமாகவோ, ஊசி மூலமாகவோ, மூச்சுக் காற்றின் வழியாகவோ செலுத்தி, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடை எலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றுகிறார்கள். புதிதாகப் பிறந்த சிவப்பணுவில் ஆர்.என்.ஏ.யின் எச்சம் ஏறக்குறைய ஒரு நாள் வரை இருப்பதால், ஜீம்சா சாயத்தில் அது நீலம் தோய்ந்த நிறத்தில் தோன்றி முதிர்ந்தவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரியும். அந்த இளம் சிவப்பணுக்களை மட்டும், விலங்கு ஒன்றுக்குக் குறைந்தது 4,000 வீதம் எண்ணி, அவற்றுள் எத்தனையில் நுண் உட்கரு இருக்கிறது என்று கணக்கிட வேண்டும். 2014-இல் வழிகாட்டுதல் திருத்தப்படுவதற்கு முன் 2,000 எண்ணினால் போதும் என்றிருந்தது. எந்த நச்சும் செலுத்தப்படாத விலங்கிலும் ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை நுண் உட்கருக்கள் இயல்பாகவே காணப்படுவதால், குறைவாக எண்ணினால் சிறிய உயர்வு புள்ளியியல் இரைச்சலில் அமிழ்ந்துவிடும் என்பதே இம்மாற்றத்தின் நோக்கம். துகளே கலவாத கரைசலை மட்டும் பெற்ற விலங்குகள் ஒரு புறமும், சைக்ளோபாஸ்பமைடு போல நிச்சயமாகக் குரோமோசோமை உடைக்கும் மருந்தைப் பெற்ற விலங்குகள் மறுபுறமும் ஒப்பீட்டுக்காக வைக்கப்படுகின்றன. பின்னதில் உயர்வு தெரியாவிட்டால் ஆய்வகத்தின் கண்ணே பழுது என்று கொண்டு முழுச் சோதனையையும் தள்ளிவிட வேண்டியதுதான்.

இவ்வளவு நேர்த்தியான சோதனை நானோ துகள்களின் முன் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அறிக்கைகளைப் படிப்போர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவதும் அதுவே. கரையும் வேதிப்பொருள் குருதியில் கலந்துவிட்டால் மஜ்ஜை உட்பட எல்லா உறுப்புகளையும் ஏறக்குறைய எட்டிவிடும் என்று எதிர்பார்க்கலாம். துகள்கள் அவ்வாறு பரவுவதில்லை. ஊசி மூலம் குருதியில் செலுத்தப்பட்ட துகள்களின் மேல் சில நொடிகளிலேயே குருதிப் புரதங்கள் ஒட்டிக்கொண்டு ஒரு போர்வையாக அமைய, அப்போர்வையை அடையாளம் கண்டு கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் அவற்றின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வாய்வழியாகச் செலுத்தப்பட்டாலோ, டைட்டானியம் டைஆக்சைடு போன்ற கரையாத துகள்களில் மிகமிகச் சிறு பங்கே குடற்சுவரைத் தாண்டுகிறது. எஞ்சியது மலத்தோடு வெளியேறுகிறது. இந்நிலையில் மஜ்ஜையில் நுண் உட்கருக்கள் கூடவில்லை என்ற முடிவுக்கு இரண்டு பொருள் கொள்ள இடமுண்டு: துகள் மஜ்ஜையை அடைந்தும் சேதம் விளைவிக்கவில்லை என்பது ஒன்று, அது மஜ்ஜையை அடையவே இல்லை என்பது மற்றொன்று. முதலாவது பாதுகாப்புக்கான சான்று. இரண்டாவது எதற்குமே சான்றாகாது.

2008-இல் வெளியான கொரிய ஆய்வொன்றில் 60 நானோமீட்டர் வெள்ளித் துகள்களை, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1,000 மி.கி. வரை 28 நாள்கள் எலிகளுக்கு வாய்வழி கொடுத்தும் மஜ்ஜையில் நுண் உட்கருக்கள் கூடவில்லை. ஆனால் உயர் அளவுகளில் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தென்பட்டன, பெண் எலிகளின் சிறுநீரகத்தில் ஆண் எலிகளுடையதைப் போல இரு மடங்கு வெள்ளி சேர்ந்திருந்தது. உறுப்புக்கு உறுப்பு, பாலுக்குப் பால் துகளின் போக்கு வேறுபடுகையில் ஓர் உறுப்பை மட்டும் பார்த்து உடல் முழுவதற்கும் தீர்ப்பெழுதுவது எத்தனை துணிச்சலானது என்பதை அந்த ஆய்வே காட்டுகிறது. இதற்கு மாறாக, ஐதராபாத்தில் உள்ள இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட இரும்பு ஆக்சைடு ஆய்வில், 30 நானோமீட்டர் துகள்களை எலிகளுக்கு வாய்வழி கொடுத்து மரபணுச் சேதத்தைத் தேடியதோடு, உறுப்பு வாரியாக இரும்பின் அளவையும் கணக்கிட்டார்கள். கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றோடு எலும்பு மஜ்ஜையிலும் இரும்பு சேர்ந்திருந்தது; ஆயினும் குறிப்பிடத்தக்க மரபணுச் சேதம் காணப்படவில்லை. இல்லை என்ற முடிவுக்கு எடை தருவது இத்தகைய அளவீடே.

மஜ்ஜையை மட்டும் நம்பியிருக்கும் குறையை ஓரளவு தீர்ப்பது வால்மீன் சோதனை. 1984-இல் சுவீடனின் ஆஸ்ட்லிங், யொஹான்சன் ஆகியோர் தொடங்கிவைத்து, 1988-இல் நரேந்திர பி. சிங் காரக் கரைசலில் நடத்தும் வடிவத்தைத் தந்த இம்முறை, 2014-இல் 489-ஆம் எண் வழிகாட்டுதலாயிற்று. எந்த உறுப்பிலிருந்தும் பிரித்தெடுத்த உயிரணுக்களை அகரோஸ் என்னும் கூழில் பதித்து, உப்பும் சோப்புத்தன்மையுள்ள பொருளும் கலந்த கரைசலில் உயிரணுவின் சவ்வையும் புரதங்களையும் கரைத்துவிட்டால் டி.என்.ஏ. மட்டும் எஞ்சும், அதன் மீது மின்புலத்தைச் செலுத்தும்போது, எதிர்மின்னூட்டம் கொண்ட டி.என்.ஏ.யின் உடைந்த பகுதிகள் நேர்முனை நோக்கி நகர்ந்து வாலாக நீள, உடையாத பகுதி தலையாக நின்றுவிடும். வாலில் உள்ள டி.என்.ஏ.யின் விழுக்காடே சேதத்தின் அளவு. கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் என்று துகள் முதலில் தொடும் உறுப்பிலேயே சேதத்தைத் தேட முடிவது இதன் பெருஞ்சிறப்பு. ஆக்சிஜனேற்றம் அடைந்த குவானினைக் கண்ட இடத்தில் வெட்டும் நொதி ஒன்றை இடையில் சேர்த்தால், சேதம் ஆக்சிஜன் மூலக்கூறுகளால் நேர்ந்ததா என்பதையும் பிரித்தறியலாம். லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களை 14 நாள்கள் வாய்வழியாகப் பெற்ற வெள்ளெலிகளின் கல்லீரலில் துத்தநாகம் சேர்ந்திருந்ததும், ஆக்சிஜனேற்றத்தால் டி.என்.ஏ. சேதமுற்றிருந்ததும் இம்முறையினால்தான் 2012-இல் தெரியவந்தன.

ஆனால் துகள்கள் இச்சோதனையையும் ஏமாற்றவல்லவை. உயிரணு கரைந்தபின் அதனுள்ளிருந்த துகள்கள் வெறுமையான டி.என்.ஏ.யின் அருகிலேயே கூழில் தங்கிவிடுவதால், உயிருள்ள உடலில் நேராத சேதம் கண்ணாடித் தகட்டின் மேல் நேரக்கூடும். டைட்டானியம் டைஆக்சைடு ஒளிபட்டால் வினையூக்கியாக மாறும் பொருள் என்பதால் ஆய்வக விளக்கொளியே அச்சேதத்தைக் கூட்டிவிடும். எதிர்த்திசையிலும் பிழை நேரலாம்: வெள்ளித் துகளிலிருந்து வெளிவரும் அயனிகள் மேற்சொன்ன நொதியைச் செயலிழக்கச் செய்வதால், இருக்கும் சேதம் மறைந்துபோகும். முன்னதில் குற்றமற்ற பொருள் பழி சுமக்கும். பின்னதில் குற்றமுள்ள பொருள் தப்பிவிடும்.

சோதனைக்கு முந்தைய ஆயத்தத்திலும் பெருங்குழப்பங்கள் உண்டு. 20 நானோமீட்டர் என்று குப்பியின் மேல் எழுதப்பட்ட துகள்கள் நீரில் கலந்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பல நூறு நானோமீட்டர் உள்ள கட்டிகளாகிவிடலாம்; அவற்றைப் பிரிக்க மீயொலியைச் செலுத்தினால் எவ்வளவு நேரம், எந்த நீர்மத்தில் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடும். தயாரிப்பின்போது பாக்டீரிய நச்சு கலந்திருந்தால் அதனால் எழும் அழற்சியைத் துகளின் மேல் ஏற்றிச் சொல்லும் அபாயமும் இருக்கிறது. எலிக்குக் கொடுக்கும் அளவைப் பற்றியும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வழிகாட்டுதல்கள் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோ எடைக்கு 2,000 மி.கி.; 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அது 120 கிராமுக்குச் சமம். கரையும் பொருள்களில் அரிதான விளைவையும் பிடித்துவிடுவதற்காக வைக்கப்பட்ட இந்த உச்சம், துகள்களில் எதிர்பாராத திசையில் வேலை செய்கிறது: அளவு கூடக் கூடத் துகள்கள் மேலும் திரள்வதால், உறிஞ்சப்படும் பங்கு கூடுவதற்குப் பதிலாகக் குறையலாம். உயர் அளவில் தீங்கில்லை என்பதால் தாழ்ந்த அளவிலும் இல்லை என்று சொல்லும் வழக்கமான தருக்கம் இங்கே செல்லுபடியாகாது.

இக்குழப்பங்களுக்கு நடுவேயும் சில ஆய்வுகள் அழுத்தமான செய்தியைத் தந்திருக்கின்றன. ஐதராபாத் நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு அலுமினியம் ஆக்சைடு ஆய்வில், 30, 40 நானோமீட்டர் துகள்களைப் பெற்ற எலிகளின் குருதியணுக்களில் அளவுக்கேற்பச் சேதம் உயர, அதே வேதிப்பொருளின் பருத்த தூளைப் பெற்றவற்றில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. வேதிப்பெயர் ஒன்றேயானாலும் துகளின் அளவு மாறினால் பாதுகாப்பையும் புதிதாக மெய்ப்பிக்க வேண்டும் என்ற கருத்துக்கு இது நல்ல ஆதாரம். அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், டைட்டானியம் டைஆக்சைடு நானோ துகள்களைக் குடிநீரில் பெற்ற வெள்ளெலிகளில் டி.என்.ஏ. உடைவு, நுண் உட்கரு, ஆக்சிஜனேற்றச் சேதம், அழற்சி ஆகிய நான்கையும் கண்டதாகவும், கருவுற்ற வெள்ளெலிகளின் குட்டிகளிலும் டி.என்.ஏ. நீக்கங்கள் கூடியிருந்ததாகவும் அறிவித்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது சீரான நானோ துகள்களாலான தொழிற்சாலைப் பொருள். உணவு நிறமியோ பெரியதும் சிறியதும் கலந்தது. ஒன்றின் முடிவை மற்றொன்றுக்கு எவ்வளவு தூரம் பொருத்தலாம் என்பதில்தான் பின்னாளில் வல்லுநர் குழுக்கள் பிரிந்தன.

அந்தப் பிரிவின் வேர் இன்னும் ஆழமானது. சேதம் அழற்சி வழியாகவோ ஆக்சிஜனேற்றம் வழியாகவோ மட்டும் நேர்வதென்றால், உடலின் எதிர்ப்பாற்றல் தாங்கக்கூடிய அளவுக்குக் கீழே தீங்கில்லை என்று ஒரு வரம்பு வகுக்க இயலும். துகள் டி.என்.ஏ.யை நேரடியாகத் தாக்குமென்றால், எவ்வளவு சிறிய அளவும் முற்றிலும் பாதுகாப்பானதென்று சொல்ல வழியில்லை. கையிலுள்ள சான்றுகள் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டாத நிலையில், மிகக் குறைவாக உறிஞ்சப்பட்டாலும் நாள்தோறும் உண்பதால் உடலில் சேரக்கூடும் என்பதையும் எண்ணி ஐரோப்பிய ஆணையம் எச்சரிக்கையின் பக்கம் நின்றது. உறிஞ்சப்படுவது மிகக் குறைவு என்பதற்கும் உணவு நிறமியையே நேரடியாகச் சோதித்த ஆய்வுகளுக்கும் கூடுதல் எடை தந்து மற்றக் குழு மறுபக்கம் நின்றது. ஊட்டமோ மருந்துப் பயனோ இல்லாமல் வெண்மைக்காக மட்டுமே சேர்க்கப்படும் ஒரு பொருளைப் பொறுத்தவரை, ஐயத்தின் பயனை உண்பவருக்குத் தருவதே நியாயம் என்பதில் இக்கட்டுரைக்குத் தயக்கமில்லை. ஐரோப்பாவில் மாத்திரைகளின் மேல்பூச்சில் அந்நிறமி இன்றும் அனுமதிக்கப்படுவதற்குக் காரணம் அங்கே பயனும் மாற்றில்லாத் தேவையும் எடைபோடப்படுகின்றன என்பதே.

இச்சோதனைகளுக்கு விலங்குகள் கொடுக்கும் விலையையும் மறக்கலாகாது. ஓர் அளவுக்கு ஆய்வுக்குரிய ஐந்து விலங்குகளாவது வேண்டும் என்ற விதிப்படி, மூன்று அளவுகளும் இரண்டு ஒப்பீட்டுக் குழுக்களும் சேர்ந்தாலே இருபத்தைந்து உயிர்கள். ஆண் பெண் இரண்டிலும் சோதித்தால் இருமடங்கு. விலங்குகளைத் தவிர்ப்பது, குறைப்பது, வேதனையைத் தணிப்பது என்று 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த நெறியை இன்று உலகெங்கும் ஆய்வகங்கள் ஏற்றிருக்கின்றன. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழு இதனைக் கண்காணிக்கிறது. மஜ்ஜையில் நுண் உட்கருச் சோதனையையும் கல்லீரலில் வால்மீன் சோதனையையும் ஒரே விலங்கில் நடத்துவதும், 28 நாள் நச்சியல் ஆய்வோடு இவற்றை இணைப்பதும் எண்ணிக்கையைக் குறைக்கும் வழிகள். உறுப்பில் உலோகம் சேர்ந்த அளவைக் கணக்கிடாமல் முடிக்கப்பட்ட ஆய்வு, அறிவியல் நோக்கில் குறையுடையது என்பதோடு, அதற்காகக் கொல்லப்பட்ட விலங்குகளுக்கும் இழைத்த அநீதி.

இந்தியாவில் நானோ உலோகங்கள் ஏற்கெனவே அன்றாட வாழ்வுக்குள் வந்துவிட்டன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் டி. பிரதீப்பின் குழு உருவாக்கி 2013-இல் விவரித்த வெள்ளி நானோ வடிகட்டி, கிருமிகளைக் கொல்லப் போதுமான வெள்ளி அயனியை மட்டும், உலகச் சுகாதார நிறுவனம் சுட்டிய லிட்டருக்கு 0.1 மி.கி. என்ற அளவுக்குள், நீரில் விடுமாறு வடிவமைக்கப்பட்டது. துகளைச் சட்டகத்துக்குள் பிணைத்துவைத்து அயனியை மட்டும் அளந்து விடுவது, பாதுகாப்பைப் பொருளின் அமைப்பிலேயே சேர்த்துவிடும் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. வேளாண் இடுபொருள்களிலும் உணவிலும் வரும் நானோ பொருள்களை மதிப்பிடுவதற்கான வழிகாட்டுதல்களை உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் வெளியிட்டுப் பாதுகாப்புத் தரவுகளைக் கோரியிருக்கிறது. கோரிப் பெறும் தரவுகளில் துகளின் உண்மையான அளவு, செலுத்திய வழி, மஜ்ஜையிலும் கல்லீரலிலும் சேர்ந்த உலோகத்தின் அளவு ஆகியவை தவறாமல் இடம்பெற வேண்டும். தீங்கு காணப்படாத ஆய்வுகள் உட்பட எல்லா முடிவுகளும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். விலங்குகளில் சோதித்துப் பாதுகாப்பானதென்று கண்டறியப்பட்டது என்று ஒரு நானோ பொருளின் உறையில் எழுதியிருப்பதைக் காணும் வாசகர், அத்துகள் சோதிக்கப்பட்ட உறுப்பைச் சென்றடைந்ததா என்று உற்பத்தியாளரிடமும் அனுமதி தந்த துறையிடமும் கேட்கத் தயங்க வேண்டாம்.